கிளிப்புக்கும் அலைனருக்கும் கணக்குப் பார்க்கும்போது

தமிழ்நாட்டுப் பல் மருத்துவமனைகளில் பல் வரிசையைச் சீர்செய்துகொள்ள வருவோர் "கிளிப் போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவந்த நிலை மாறி, "கிளிப்புக்கு எவ்வளவு, அலைனருக்கு எவ்வளவு?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் நிலை கடந்த சில ஆண்டுகளில் உருவாகியிருக்கிறது. கிளிப் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது, ஒவ்வொரு பல்லின் முகப்பிலும் ஒட்டப்படும் பிராக்கெட் எனும் சிறு பிடிப்பும் அப்பிடிப்புகளைக் கோத்துச் செல்லும் வளைந்த கம்பியும் சேர்ந்த அமைப்பாகும். அலைனர் என்பது பற்களின் மேல் மாட்டிக் கழற்றக்கூடிய, கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிளாஸ்டிக் உறைகளின் தொடர். இரண்டுக்கும் சொல்லப்படும் தொகைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இயல்பே. ஆனால் அவ்விரு தொகைகளும் உருவாகும் விதமே வேறு என்பதை அறியாமல் செய்யப்படும் ஒப்பீடு, மலிவென்று நம்பி அதிகம் செலவழிப்பதிலோ, விலை கூடியது சிறந்தது என்று நம்பித் தேவையற்றதை வாங்குவதிலோ பல குடும்பங்களைக் கொண்டுபோய் விடுகிறது.

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் உலோகக் கிளிப்புக்குப் பரவலாகச் சொல்லப்படும் தொகை ஏறத்தாழ 25,000 ரூபாயில் தொடங்கி 60,000 ரூபாய் வரை செல்கிறது. பல்லின் நிறத்தை ஒத்த செராமிக் பிடிப்புகள் என்றால் அதைவிட 15,000 அல்லது 20,000 ரூபாய் கூடும். பல்லின் உட்புறம், நாக்கை நோக்கிய பக்கத்தில் ஒட்டப்படும் வகைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆகும். அலைனரைப் பொறுத்தவரை, உள்நாட்டு நிறுவனத் தயாரிப்புகள் 60,000 ரூபாய் அளவில் தொடங்க, பன்னாட்டு நிறுவனத் தயாரிப்புகள் சிக்கலின் அளவைப் பொறுத்து மூன்று லட்சத்தையும் தாண்டுகின்றன. இவ்வளவு அகலமான இடைவெளி ஏன் என்பதை அறிய, பல் எப்படி நகர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய இழைநார்ப் படலம் ஒன்று இருந்து பல்லைத் தாங்குகிறது. பல்லின் மேல் மெல்லிய அழுத்தம் தொடர்ந்து செலுத்தப்படும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் எதிர்ப்பக்கத்தில் எலும்பை உருவாக்கும் உயிரணுக்களும் வேலை செய்யத் தொடங்க, பல் மெல்ல இடம்பெயர்கிறது. இந்த இடப்பெயர்ச்சி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அழுத்தத்தைத் தருவது கம்பியா பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்து எலும்பு விரைந்து கரைவதில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து திருமணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மருத்துவரைத் தேடி வருவோரிடம், கூடுதல் பணம் கட்டினால் அதற்குள் முடிந்துவிடும் என்று யாராவது சொல்வாராயின் அவர் உடலின் இயல்புக்கு மாறானதைச் சொல்கிறார்.

நகரும் விதம் ஒன்றே என்றால், வேறுபடுவது எது? கிளிப்பின் விலை பெரும்பாலும் மருத்துவரின் கைவேலைக்கும் நேரத்துக்கும் தரப்படும் கூலி. அலைனரின் விலை பெரும்பாலும் மென்பொருளுக்கும் தொழிற்சாலைக்கும் தரப்படும் கூலி. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கிளிப்பின் வரலாறே பொருளின் செலவு படிப்படியாகக் குறைந்த வரலாறுதான். இத்துறைக்கு அடித்தளம் இட்ட அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் காலத்தில் பற்களைச் சுற்றிப் பொன் கலந்த பட்டைகள் பூட்டப்பட்டன. பின்னர் துருப்பிடிக்காத எஃகு பொன்னின் இடத்தைப் பிடித்தது. பல்லின் மேல்படலமான எனாமலை அமிலத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்கு பற்றும் என்பதை 1955-இல் மைக்கேல் புவோனகோர் காட்டியதைத் தொடர்ந்து, ஒவ்வொரு பல்லையும் பட்டையால் சுற்றும் தேவை மறைந்து, பிடிப்பை நேரே ஒட்டிவிடும் முறை வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவான நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பி 1970-களில் பல் மருத்துவத்துக்குள் நுழைந்தபோது, எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்ப முயலும் அதன் இயல்பு, மருத்துவர் கம்பியை அடிக்கடி வளைத்துத் திருத்த வேண்டிய வேலையையும் குறைத்தது. இன்று ஒருவர் வாயில் ஒட்டப்படும் பிடிப்புகளுக்கும் கம்பிகளுக்கும் மருத்துவர் செலவிடுவது, நோயாளி கட்டும் தொகையில் சிறு பங்குதான். எஞ்சியது நாற்காலி அருகே நின்று ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, கம்பியை மாற்றியும் ரப்பர் வளையங்களைப் பூட்டியும் பல்லின் போக்கைக் கண்ணால் பார்த்துத் திருத்தும் உழைப்புக்கு உரியது.

அலைனரின் கதை வேறு. 1997-இல் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயின்ற ஜியா சிஷ்டி, கெல்சி விர்த் ஆகிய இருவர் முன்னின்று அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினர். இருவருமே பல் மருத்துவர்கள் அல்லர். சீரமைத்த பற்கள் மீண்டும் விலகாமல் இருக்க அணியும் பிளாஸ்டிக் உறை பல்லைச் சற்று நகர்த்தவும் செய்கிறதே, அப்படியானால் சிறிது சிறிதாக வடிவம் மாறும் பல உறைகளை அடுத்தடுத்து அணிந்தால் என்ன என்பதே அதன் மூலக்கருத்து. இக்கருத்து முற்றிலும் புதியதன்று; 1945-இலேயே ஹெரால்டு கெஸ்லிங் இதை ஒட்டிய ரப்பர் கருவி ஒன்றை விவரித்திருந்தார். ஆனால் ஒவ்வொரு படிநிலைக்கும் கையால் அச்சு செய்வது அக்காலத்தில் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. கணினியும் முப்பரிமாண அச்சும் வந்த பிறகே அது தொழிலாக மாறியது.

இன்றைய நடைமுறையில், வாயின் உள்ளே சிறு கேமரா போன்ற ஸ்கேனரைச் செலுத்திப் பற்களின் முப்பரிமாண உருவம் எடுக்கப்படுகிறது. மென்பொருளில் அப்பற்கள் விரும்பிய இடத்துக்கு நகர்த்தப்பட்டு, அந்தப் பயணம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவுள்ள படிகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அச்சுரு முப்பரிமாண அச்சில் உருவாக்கப்பட்டு, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகடு இழுத்துப் பொருத்தப்பட்டு, ஈறின் ஓரத்தை ஒட்டி நறுக்கப்படுகிறது. ஒரு தாடைக்கு இருபது உறைகள் தேவையெனில் இரு தாடைக்கும் நாற்பது அச்சுருக்களும் நாற்பது உறைகளும் ஆகும். இவை யாவும் சிகிச்சை தொடங்கும்போதே மொத்தமாகச் செய்யப்படுவதால் மருத்துவர் நிறுவனத்துக்குப் பெருந்தொகையை முன்கூட்டியே செலுத்திவிடுகிறார். அலைனருக்கு முன்பணம் அதிகமாகக் கேட்கப்படுவதற்கும், நடுவில் நிறுத்திக்கொண்டால் பணம் திரும்பக் கிடைப்பது அரிதாக இருப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

இங்கேதான் ஒப்பீட்டின் மிக முக்கியமான புள்ளி இருக்கிறது. திரையில் பற்கள் நகரும் அழகும் வாயில் அவை நகரும் அளவும் ஒன்றல்ல. அலைன் நிறுவனத்தின் இன்விசலைன் உறைகளைக் கொண்டு செய்யப்பட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மென்பொருள் முன்கூட்டிச் சொன்ன நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நிகழ்ந்ததாகக் கண்டது. பொருளும் மென்பொருளும் மேம்பட்ட பிறகு 2020-இல் வெளிவந்த மறு ஆய்வில் அது 50 சதவீதமாக உயர்ந்திருந்தது. சிங்கப்பல் என்று சொல்லப்படும் கோரைப்பல் போன்ற உருண்டை வடிவப் பற்களைத் திருப்புவதும், பல்லை ஈறிலிருந்து வெளியே இழுப்பதும் வழுவழுப்பான பிளாஸ்டிக்குக்குக் கடினமான வேலைகள். அதற்காகவே பல்லின் மேல் பல் நிறத்திலேயே சிறு மேடுகள் ஒட்டப்படுகின்றன. இதனால் அலைனர் பயனற்றது என்று ஆகிவிடாது. சிறிய, நடுத்தர அளவுச் சீர்கேடுகளை அது நன்றாகவே சரிசெய்கிறது. ஆனால் முதல் தொகுப்பு முடிந்ததும் மீண்டும் ஸ்கேன் எடுத்து, எஞ்சிய கோணலுக்கு இரண்டாம் தொகுப்பு உறைகள் செய்வது அரிதாக நேரும் விபத்தன்று, சிகிச்சையின் இயல்பான பகுதி. துறையினர் இதை ரிஃபைன்மென்ட், அதாவது மறுதிருத்தம், என்பர். கிளிப் சிகிச்சை நீண்டால் மருத்துவரின் நேரம் கூடும், பெரும்பாலும் அதை அவரே தாங்கிக்கொள்வார். அலைனர் சிகிச்சை நீண்டாலோ தொழிற்சாலைக்கு மீண்டும் பணம் போக வேண்டும், அதை யார் தாங்குவது என்பது விலைச்சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும். 70,000 ரூபாய்க்கு மறுதிருத்தம் இன்றித் தரப்படும் அலைனர், மறுதிருத்தங்களையும் உள்ளடக்கிய 1,20,000 ரூபாய் அலைனரைவிட இறுதியில் அதிகச் செலவு வைத்துவிடக் கூடும்.

அலைன் நிறுவனத்தின் முதன்மைக் காப்புரிமைகள் பல 2017-இல் காலாவதியானதைத் தொடர்ந்து உலகெங்கும் போட்டி நிறுவனங்கள் முளைத்தன. இந்தியாவிலும் மருத்துவர்களுக்கு உறைகளைச் செய்து தரும் ஆய்வகங்களும், நோயாளிகளிடம் நேரே விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் பெருகின. விலை குறைந்ததற்கு இதுவே காரணம், அது வரவேற்கத்தக்கதும்கூட. எனினும் மலிவாகியிருப்பது பிளாஸ்டிக்கும் அச்சும்தான். எந்தப் பல்லை எந்தப் பக்கம் எந்த வரிசையில் நகர்த்துவது, அப்பல்லின் வேரைச் சுற்றி அதைத் தாங்க எலும்பு இருக்கிறதா என்று முடிவு செய்யும் அறிவு மலிவாகவில்லை. அந்த அறிவை வெட்டிவிட்டு விலையைக் குறைத்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் சான்று. 2014-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மருத்துவரை நேரில் பார்க்காமலே, வீட்டில் எடுத்த அச்சைக் கொண்டு சுமார் 2,000 டாலருக்கு அலைனர்களை அஞ்சலில் அனுப்பியது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் கதவை மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் அடுத்த உறைக்கு யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றனர்; தவணையில் சேர்ந்தவர்களுக்கோ மீதித் தவணைகளைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. நிறுவனத்தோடு மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டு, பொறுப்பேற்கும் மருத்துவர் ஒருவரை நேரில் காணாத சிகிச்சையின் உண்மையான ஆபத்து இதுவே.

விலைச்சீட்டில் வராத செலவுகளைப் பொறுத்தவரை இரு முறைகளுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. விளாத்திகுளத்திலிருந்து மதுரைக்குத் தாயும் மகளுமாக வந்துபோகும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளில் இருபது முறை பயணம். பேருந்துக் கட்டணம், வெளிச்சாப்பாடு, தாய் இழக்கும் ஒருநாள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய் ஆகிவிடுகிறது. 40,000 ரூபாய் கிளிப் அக்குடும்பத்துக்கு உண்மையில் 60,000 ரூபாய். உறைகளை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடும் அலைனர் முறையில் பயணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதால், தொலைவிலிருந்து வருவோருக்கும் விடுப்பு எடுக்க இயலாத பணியில் இருப்போருக்கும் விலை வேறுபாட்டின் ஒரு பகுதி இங்கே ஈடாகிவிடுகிறது. கிளிப் போட்டவர் முறுக்கு, சீடை, கரும்பு, பழுக்காத கொய்யா போன்றவற்றைக் கடித்தால் பிடிப்பு கழன்றுவிடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் கழன்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கேட்கும் மருத்துவமனைகள் உள்ளன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற வட்டாரங்களில் வளர்ந்தோரின் எனாமல் பாதிக்கப்பட்டிருந்தால் அதில் பிசின் சரியாகப் பற்றாமல் பிடிப்புகள் அடிக்கடி உதிரும் என்பதையும் அங்குள்ளோர் கணக்கில் சேர்க்க வேண்டும். கூடுதல் பணம் கொடுத்துச் செராமிக் வகையைத் தேர்ந்தெடுப்போர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: பிடிப்பு நிறம் மாறாவிட்டாலும் அதைக் கம்பியோடு கட்டும் நிறமற்ற ரப்பர் வளையம், சாம்பாரின் மஞ்சள்தூளால் சில நாட்களிலேயே பழுப்பு மஞ்சளாகிவிடும்.

அலைனரின் மறைசெலவு ஒழுங்கில் இருக்கிறது. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்தால்தான் உறை வேலை செய்யும். 22 மணி நேரம் அணிபவருக்கு எஞ்சும் இரண்டு மணி நேரத்தைக் கணக்கிட்டால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 80 நிமிடம், இரண்டு காபிக்கு 20 நிமிடம், ஒவ்வொரு முறையும் பல் துலக்கி உறையைக் கழுவி மாட்ட எல்லாம் சேர்த்து 20 நிமிடம் என அந்த இரண்டு மணி நேரமும் தீர்ந்துவிடுகிறது. சூடான காபியை உறையோடு குடித்தால் பிளாஸ்டிக் உருமாறும், கறையும் ஏறும். நண்பர்களோடு அமர்ந்து நீண்ட நேரம் தேநீர் குடிப்பவருக்கும், அலுவலகத்தில் அரைமணிக்கு ஒருமுறை எதையாவது கொறிப்பவருக்கும் இம்முறை ஒத்துவராது. பந்தியில் உட்காரும்போது கழற்றிய உறையைக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் இலையோடு சேர்த்து மடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போகும் நிகழ்வு மருத்துவர்களுக்கு மிகவும் பழகிய ஒன்று. எச்சில் இலைகளோடு போன அந்த உறைக்குப் பதிலாகப் புதிது செய்யப் பணமும் ஆகும், வருவதற்குள் பற்கள் பின்வாங்கிவிடவும் கூடும். மறுபுறம், உறையைக் கழற்றிவிட்டுப் பல்லை முழுமையாகத் துலக்க முடிவதால், கிளிப்பைச் சுற்றி அழுக்குப் படிந்து எனாமலில் வெண்புள்ளிகள் தோன்றும் கேடு அலைனரில் குறைவு; கம்பியின் நுனி கன்னத்தைக் குத்திப் புண்ணாக்கும் தொல்லையும் இல்லை.

எந்த முறையாயினும் பொதுவாக வரும் சில செலவுகள் உண்டு. எக்ஸ்-ரே படங்கள், இடம் போதாதபோது முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்குதல், ஈறு சுத்தம் ஆகியவை சில இடங்களில் தொகைக்குள்ளும் சில இடங்களில் வெளியிலும் இருக்கும். எல்லாவற்றையும்விட மறக்கப்படுவது ரிட்டெய்னர், அதாவது நகர்த்திய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தடுக்கும் காப்புக் கருவி. சீரமைத்த பற்களுக்குப் பழைய இடத்தை நோக்கி நகரும் போக்கு பல ஆண்டுகள் நீடிப்பதால் இது சில மாதச் செலவன்று. தேய்ந்தோ தொலைந்தோ போகும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டியது. காப்புக் கருவியைச் செய்துகொள்ளாத சிகிச்சை, எவ்வளவு மலிவானதாயினும், இரண்டாம் முறை செய்ய வேண்டிய சிகிச்சை. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பல் சீரமைப்பை ஏற்பதில்லை என்பதால் தவணை முறை பலருக்கு உதவுகிறது; ஆனால் வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தின் பின்னே, வட்டி விலையிலேயே சேர்ந்திருக்கிறதா என்பதை, முழுத்தொகையை ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறையும் எனக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

ஆகவே முடிவு எதைப் பொறுத்தது? முன்பற்களிடையே சிறு இடைவெளியோ லேசான நெருக்கமோ உள்ள, வேலைக்குப் போகும், ஒழுங்காக அணியக்கூடிய பெரியவருக்கு அலைனர் தகுந்ததே. அவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம், பிறர் கண்ணுக்குத் தெரியாமைக்கும் வசதிக்கும் உரியது, அதிகச் சீர்மைக்கு உரியதன்று என்பதை அறிந்து கொடுத்தால் போதும். மேல்தாடைப் பற்கள் நன்கு துருத்திய எத்துப்பல் அமைப்பு, பற்களைப் பிடுங்கி இடைவெளியை மூட வேண்டிய நிலை, மேலும் கீழும் பொருந்தாத பற்கடி ஆகியவற்றுக்கு, பயிற்சி பெற்றவர் கையால் போடப்படும் சாதாரண உலோகக் கிளிப்பே இன்றும் கொடுத்த பணத்துக்கு மிக அதிகப் பயன் தருவது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை, 18 வயதுக்கு உட்பட்டோரில் உடல்நலத் தேவை உயர்ந்த படியில் உள்ளவர்களுக்குப் பல் சீரமைப்பைக் கட்டணமின்றிச் செய்கிறது. அங்கே வழக்கமாகப் போடப்படுவது உலோகக் கிளிப்தான். அழகுக்கு என்று எண்ணிப் பலர் தள்ளிப்போடும் இச்சிகிச்சை குழந்தைகளைப் பொறுத்தவரை காலத்தோடும் கட்டுண்டது. தாடை வளரும் பருவத்தில் எளிய கருவியால் திருத்தக்கூடிய குறையை வளர்ச்சி நின்ற பிறகு திருத்த அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம், அதன் செலவோடு ஒப்பிட்டால் மேற்சொன்ன தொகைகள் யாவும் சிறியவை. சிரிப்புக்கு அழகு சேர்க்கும் ஒற்றைத் தெத்துப்பல்லை அப்படியே விட்டுவிட விரும்புவோரும் உண்டு. பற்கடி சரியாக இருக்குமாயின் அதுவும் மதிக்கத்தக்க முடிவே, அதற்குச் செலவே இல்லை.

யாரிடம் செய்துகொள்வது என்பதும் விலையின் பகுதியே. பி.டி.எஸ். முடித்தவர் பொதுப் பல் மருத்துவர். அதன்மேல் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பில் பல் சீரமைப்பை மட்டும் பயின்றவரே அத்துறையின் நிபுணர். பணம் கட்டுவதற்கு முன், திட்டத்தை வகுப்பவர் யார், மறுதிருத்தமும் காப்புக் கருவியும் தொகைக்குள் அடங்குமா, மருத்துவர் ஊர் மாறினாலோ நிறுவனம் மூடப்பட்டாலோ என்ன ஏற்பாடு என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை, தயங்க வேண்டியதில்லை. 30,000 ரூபாயும் எட்டாத தொகையாக இருக்கும் குடும்பங்கள் பிள்ளையின் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கி, இன்று கோட்டை ரயில் நிலையத்தின் அருகே இயங்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், கடலூர் மாவட்டத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசுக் கல்லூரிகளிலும் பல் மருத்துவம் தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைந்த செலவில் கிடைக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலைப் பிரிவுகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குக் கிளிப் போடப்படுகிறது. காத்திருப்பு கூடுதலாக இருக்கும். எந்த விலைச்சீட்டில் கையெழுத்திடுவதற்கும் முன்பு, ஒரு நாள் காலையில் பிள்ளையை அழைத்துக்கொண்டு இக்கல்லூரிகளில் ஒன்றில் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.